வன்னியின் ஒலிநாடாக்கள்: அழிவும் எண்ணிமப் பாதுகாப்பும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் பண்பாட்டு வரலாற்றை ஆராய முற்படுவோர் எழுத்து மூலங்களையே பெரிதும் நம்புவர். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், கோயில்களிலும் வீடுகளிலும் பேணப்பட்ட ஏட்டுச்சுவடிகள், பிற்காலத்தில் அச்சேறிய நாட்டார் பாடல் தொகுதிகள் என்பன இவ்வாறு எடுத்தாளப்படும் மூலங்களாகும். இவற்றின் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், எழுத்து ஒரு பாடலின் சொல்லைக் காக்குமேயன்றி அதன் குரலைக் காக்காது. அருவிவெட்டுப் பாடலின் இழுவை எங்கே நிற்கின்றது, கோவலன் கூத்தில் அண்ணாவியாரின் மத்தளம் எந்த அடியில் முந்துகின்றது, வேலப்பணிக்கன் ஒப்பாரியில் மூச்சு எவ்விடத்தில் உடைகின்றது என்பவற்றை அச்சிட்ட பக்கம் நமக்குச் சொல்வதில்லை. இவற்றைச் சொல்லவல்ல மூலம் ஒன்று உண்டு. அது வீடுகளின் பரணிலும் தகரப் பெட்டியிலும் கிடக்கும் ஒலிநாடாப் பேழை, பேச்சுவழக்கில் கசெற்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் எஞ்சியுள்ள கசெற்றுகள் எவ்வாறு அழிகின்றன, அவற்றிலுள்ள ஒலியை வீட்டிலிருந்தே எண்ணிமக் கோப்பாக மாற்றுவது எவ்வாறு, அவ்வாறு மாற்றும்போது எழும் சமூகப் பிரச்சினைகள் யாவை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கசெற்றும் வன்னி மக்களும்

பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டு பேர்லின் வானொலிக் கண்காட்சியில் கசெற்றை அறிமுகஞ் செய்தது. அதற்கு முன்னர் ஒலிப்பதிவு என்பது பெரும்பாலும் நிலையங்களினதும் தட்டு வெளியிடும் கம்பெனிகளினதும் கையிலேயே இருந்தது. கேட்பவன் பதிவுசெய்பவனாகவும் மாறக்கூடிய நிலையைக் கசெற்றே பரந்த அளவில் உருவாக்கியது. வட இந்தியாவில் இம்மாற்றம் ஏற்படுத்திய விளைவுகளைப் பீற்றர் மனுவேல் 1993இல் வெளியிட்ட தமது நூலில் ஆராய்ந்துள்ளார். ஒரு சில பெருங் கம்பெனிகளின் பிடியிலிருந்த இசைச் சந்தை உடைந்து, வட்டார இசைகளும் சிறு உற்பத்தியாளரும் தலையெடுத்தமையை அவர் எடுத்துக்காட்டுகின்றார்.

வன்னியில் இப்பொது வரலாறு தனித்ததொரு வடிவம் பெற்றது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் வன்னியின் பெரும்பகுதி மின்சாரமின்றி இருந்தது. பொருளாதாரத் தடையின் கீழ்த் தடுக்கப்பட்ட பொருள்களுள் எரிபொருளும் பற்றரியும் அடங்கும். அக்காலத்தில் சைக்கிள் டைனமோவைக் கையாலோ காலாலோ சுழற்றி றேடியோவை இயக்கிய வழக்கம் பரவலாக அறியப்பட்டதே. 1995இன் பிற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து இடம்பெயர்ந்தோரிற் பெருந்தொகையினர் வன்னியை வந்தடைந்தனர். எனவே அக்கால வன்னியின் கசெற் என்பது வன்னியாருடையது மட்டுமன்று. பல பிரதேசங்களின் குரல்கள் ஒரே நிலப்பரப்பில் அடைபட்டிருந்த காலத்தின் சான்றும் ஆகும்.

எஞ்சியுள்ள கசெற்றுகளை நான்காக வகுக்கலாம். கூத்து, நாட்டார் பாடல், கோயிற் சடங்கு ஆகியவற்றின் நேரடிப் பதிவுகள் முதலாவது வகை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலையொட்டிய பாடல்களும், குருவிப்பள்ளு, பண்டிப்பள்ளு போன்றவற்றைப் பாடிய முதியோர் குரல்களும் இவ்வகையில் அடங்கும். சந்தையில் விற்கப்பட்ட சினிமாப் பாடல்களும் பக்திப் பாடல்களும் இரண்டாவது வகை. போர்க்காலப் பாடல்கள், உரைகள், வானொலியிலிருந்து பதிந்தவை என்பன மூன்றாவது வகை. கலியாண வீடு, குழந்தையின் மழலை, வெளிநாட்டிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கசெற் போன்ற குடும்பப் பதிவுகள் நான்காவது வகை.

இவற்றுள் இரண்டாவது வகையின் பிரதிகள் வேறெங்கும் கிடைக்கும். முதலாவதும் நான்காவதும் பெரும்பாலும் ஒற்றைப் பிரதிகளே. ஒன்று அழிந்தால் அத்துடன் அது முடிந்தது. ஆயினும் உறையைப் பார்த்து ஒரு கசெற்றைத் தள்ளிவிடலாகாது. கடையில் வாங்கிய பாட்டுக் கசெற்றின் முதுகிலுள்ள காப்புத் துளையைக் காகிதத்தால் அடைத்து அதன் மேலேயே புதிதாகப் பதிவது பொது வழக்கமாகும். சினிமாப் படத்தின் பெயர் பொறித்த உறைக்குள் ஒரு பாட்டியின் ஒப்பாரி இருக்கலாம்.

2. நாடாவின் இயல்பும் அழிவும்

கசெற் நாடா 3.81 மில்லிமீற்றர் அகலமானது. பொலியெஸ்தர்த் தளத்தின் மேல் இரும்பொட்சைட்டு போன்ற காந்தத் துணிக்கைகள் ஒரு பிணைபசையினால் ஒட்டப்பட்டிருக்கும். செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் அது தலையைக் கடக்கையில், பதிவின்போது துணிக்கைகள் ஒலிக்கேற்பக் காந்தமாகின்றன. கேட்கும்போது அக்காந்தமே மீண்டும் மின்சைகையாகின்றது. 60 நிமிடக் கசெற்றின் நாடா ஏறத்தாழ 18 மைக்றோமீற்றர் தடிப்பும், 90 நிமிடத்தினது 12 மைக்றோமீற்றர் தடிப்பும், 120 நிமிடத்தினது 9 மைக்றோமீற்றர் தடிப்பும் கொண்டவை. நீண்ட நேரம் பதியலாம் என்பதற்காக வாங்கப்பட்ட 120 நிமிடக் கசெற்றே இன்று எளிதில் இழுபட்டுச் சிக்குவது இதனாலாகும்.

அழிவு பல வழிகளில் நிகழ்கின்றது. ஈரப்பதன் பிணைபசையை நீர்ப்பகுப்புக்கு உட்படுத்தி நாடாவைப் பிசுபிசுக்கச் செய்கின்றது. மாரியின் ஈரம் பங்கசு வளர இடமளிக்கின்றது. கோடையின் வெப்பம் பேழையை நெளியச் செய்வதோடு, நாடாவைத் தலையுடன் அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் திண்டின் பசையையும் உருக்கிவிடுகின்றது. இவை வெப்ப வலய நாடுகள் அனைத்துக்கும் பொதுவானவை. வன்னிக்கே உரிய காரணிகள் வேறு. 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளில் மேற்கிலிருந்து கிழக்காக முள்ளிவாய்க்கால் வரை மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த மக்கள் உயிரையன்றி வேறொன்றையும் முழுமையாகக் காவிச்செல்ல இயலாதிருந்தனர். பொருள்களை மண்ணில் புதைத்துச் சென்றோரும் உளர். பின்னர் 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைத் தாக்கிய வெள்ளம் மீளக் கட்டிய வீடுகளுக்குள்ளும் புகுந்தது. இத்தனைக்கும் தப்பி ஒரு கசெற் இன்றும் இருக்கின்றதெனில், யாரோ ஒருவர் அதனைத் தெரிந்தே பேணினார் என்பது பொருளாகும்.

நாடா மட்டுமன்றி, அதனை இயக்கும் கருவியும் மறைந்துகொண்டிருக்கின்றது. யுனெஸ்கோவின் 'அனைவருக்கும் தகவல்' திட்டமும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் இணைந்து 2019இல் காந்தநாடா பற்றிய உலகளாவிய எச்சரிக்கையொன்றை விடுத்தன. 2025ஆம் ஆண்டளவில் காந்தநாடாக்களை முறையாக இயக்கும் வசதி பெரும்பாலும் அற்றுப்போகும் என்பது அவ்வெச்சரிக்கையின் சாரம். அந்த ஆண்டும் வந்துவிட்டது. பெருங் காப்பகங்களுக்கே இக்கதி எனில், கிராமத்து வீடொன்றின் நிலையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

3. மாற்றுவதற்கு முன்

முதலில் கசெற்றைக் கண்ணால் நோக்குதல் வேண்டும். நாடாச் சுருளின் ஓரத்தில் வெண்பொடி படிந்திருப்பின் அது பங்கசு எனக் கொள்ளலாம். அத்தகைய கசெற்றை இயக்கினால் கருவியும், அதன்பின் அக்கருவியில் ஓடும் ஏனைய கசெற்றுகளும் தொற்றுக்குள்ளாகும். அதனைத் தனியே பிரித்து உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். கையாளும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதல் நன்று. வெயிலில் காயவைப்பது நம்மிடையே இயல்பாக எழும் எண்ணம்; நாடாவுக்கு அது பெருந் தீங்கு. சேற்று வெள்ளத்தில் நனைந்ததைச் சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, நிழலில், காற்றோட்டத்தில் உலர விடுதலே தகும்.

அடுத்து, பேழையின் பின்புறத்திலுள்ள காப்புத் தகடுகள் இரண்டையும் உடைத்துவிடுதல் வேண்டும். தவறுதலாகப் பதிவு விசை அழுத்தப்பட்டாலும் பழைய ஒலி அழியாதிருக்க இதுவே காப்பு. காகிதத்தால் அடைத்த துளையாயின் அக்காகிதத்தை அகற்றினாற் போதும். திண்டு கழன்றிருந்தாலோ பேழை வெடித்திருந்தாலோ, திருகாணியால் பூட்டப்பட்ட வேறொரு நல்ல பேழைக்கு நாடாவை மாற்றலாம். பழைய பேழையையும் அதில் எழுதப்பட்ட குறிப்பையும் எறிந்துவிடக் கூடாது.

கருவியைப் பொறுத்தவரை, கணினியுடன் நேரே பொருத்தத்தக்க மலிவான சிறு கருவிகள் இப்போது சந்தையில் உண்டு. அவற்றின் வேகம் சீரற்றதாகவும் ஒலி தரங்குறைந்ததாகவும் இருப்பது வழக்கம். நன்கு பழுதுபார்க்கப்பட்ட பழைய வீட்டுத் தளக் கருவியே மேலானது. தலையையும் நாடா செல்லும் உலோகத் தண்டையும் ஐசோபுரொப்பைல் மதுசாரம் தோய்ந்த பஞ்சுக் குச்சியால் துடைத்தல் வேண்டும். பிசுபிசுப்பு இல்லாத நாடாவை ஒரு தடவை முன்னோக்கியும் பின்னோக்கியும் ஓடவிட்டால் ஒட்டிய சுற்றுகள் தளர்ந்து சீராகும்.

4. மாற்றும் முறை

கருவியின் ஒலி வெளியேறும் துளையிலிருந்து ஒரு கம்பி கணினியின் ஒலி உள்வாங்கும் துளைக்கு அல்லது யூ.எஸ்.பி. ஒலி இடைமுகத்துக்குச் செல்லும். பதிவதற்கு 'ஓடாசிற்றி' என்ற இலவச மென்பொருள் போதுமானது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இம்மென்பொருளின் மூலநிரல் எவருக்கும் திறந்தது. அதனைப் பயன்படுத்த எந்தக் கம்பெனிக்கும் வாடகை செலுத்தவேண்டியதில்லை. மடிக்கணினியாயின் அதன் பற்றரியில் இயங்கவிட்டுப் பதிதல் நன்று. மின்வலையின் இரைச்சல் பதிவுக்குள் புகாது. இடையில் மின்வெட்டு நேரின் நாடா நின்றாலும் அதுவரை பதிந்தது கணினியில் அழியாது.

ஒலியளவைச் சரிசெய்வதில் கவனம் தேவை. எண்ணிமப் பதிவில் பூச்சிய டெசிபெல் என்பது தாண்டவியலாத எல்லையாகும். அதனை மீறும் ஒலியலையின் முடி வெட்டுண்டு போகும். பின்னர் எம்முறையாலும் அதனை மீட்கவியலாது. எனவே உச்ச ஒலி எல்லைக்கு 6 டெசிபெல் கீழே நிற்குமாறு முன்னரே ஒத்திகை பார்த்தல் வேண்டும். கூத்தின் மத்தள ஒலி திடீரென உயரும் இயல்பினதாதலால், பதிவின் தொடக்கத்தை மட்டும் கேட்டு அளவை முடிவுசெய்தல் தவறாகும்.

நாடாவைத் தொடும் தலையின் சாய்வுக் கோணம் கருவிக்குக் கருவி சிறிது வேறுபடும். ஒரு கருவியில் பதிந்ததை இன்னொன்றில் கேட்கும்போது ஒலி போர்த்தியது போல மங்கிக் கேட்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். தலையின் அருகிலுள்ள சிறு திருகாணியை மிக மெதுவாகத் திருகி, மெல்லின வல்லின ஒலிகள் தெளிவாகப் பிரியும் இடத்தில் நிறுத்துதல் வேண்டும். கணினியில் பிற்பாடு செய்யும் எந்தத் திருத்தமும் இந்தச் சிறு திருகலுக்கு ஈடாகாது.

வன்னிப் பதிவுகளில் சிறப்பாக நோக்கத்தக்கது வேகம். தேய்ந்த பற்றரியில் பதிந்தபோது நாடா மெதுவாக ஓடியிருப்பின், இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது குரல் விரைந்தும் கீச்சிட்டும் கேட்கும். பற்றரி இறங்க இறங்க இவ்விலகலும் கூடிச் செல்லும். மின்வலையில் பதிந்த நாடாக்களில் 50 ஹேட்ஸ் மீடிறனுடைய இரைச்சல் மெல்ல ஒலித்துக்கொண்டிருக்கும். அதனை அளவுகோலாகக் கொண்டு வேகத்தைத் திருத்தலாம். மின்சாரமற்ற காலப் பதிவுகளில் இவ்வளவுகோல் இல்லை. சுருதி தெரிந்த ஆர்மோனியம் ஒலித்தால் அதனைக் கொண்டும், பாடியவரின் வேறு பதிவு கிடைத்தால் அதனோடு ஒப்பிட்டும் திருத்தலாம். வன்னிப் பெண்கள் மிக உச்ச சுருதியில் பாடினர் என்று யாரேனும் நாளை எழுதுவாராயின், அது பாடலின் இயல்போ பற்றரியின் இயல்போ என வினவுதல் ஆய்வாளர் கடமையாகும்.

5. கோப்பும் தரமும்

எண்ணிமப் பதிவு என்பது ஓயாது மாறும் ஒலியலையைக் குறித்த இடைவெளிகளில் அளந்து எண்களாக எழுதுதலாகும். செக்கனுக்கு எத்தனை தடவை அளக்கின்றோமோ அதன் அரைப்பங்கு மீடிறன் வரையுள்ள ஒலியைக் காக்கலாம். 48,000 தடவை அளப்பின் 24,000 ஹேட்ஸ் வரை காக்கப்படும். மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ 20,000 ஹேட்ஸ். ஒவ்வோர் அளவையும் 16 பிற்றில் எழுதினால் 65,536 படிநிலைகளும், 24 பிற்றில் எழுதினால் ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட படிநிலைகளும் கிடைக்கும். மேற்குறித்த பன்னாட்டுச் சங்கம் குறைந்தது 48 கிலோஹேட்ஸ், 24 பிற் என்ற அளவை விதந்துரைக்கின்றது.

இவ்வளவில் இரு தடங்களாகப் பதியும் ஒரு மணி நேர ஒலி, சுருக்கப்படாத 'வேவ்' கோப்பில் ஏறத்தாழ 1 கிகாபைற் இடம் பெறும். அதே ஒலி 128 கிலோபிற் 'எம்பி3' கோப்பாகச் சுருக்கப்படின் ஏறத்தாழ 58 மெகாபைற் மாத்திரமே. பதினெட்டில் ஒன்றாகும் இச்சுருக்கம் செவி கவனியாது என்று கணிக்கப்பட்ட ஒலிகளை நீக்குவதனாற் பெறப்படுவது, நீக்கியதை மீட்டெடுக்கவியலாது. ஆகவே வேவ் கோப்பை, அல்லது இழப்பின்றிச் சுருக்கும் 'ஃபிளாக்' கோப்பை மூலமாக வைத்து, உறவினருக்கும் நண்பருக்கும் கைபேசியில் அனுப்ப எம்பி3 பிரதி எடுத்தலே முறை.

இரைச்சல் நீக்கல் பற்றியும் ஒன்று கூறவேண்டும். மென்பொருளின் ஒரு விசையால் இரைச்சலை அகற்றலாம். அகற்றிய ஒலி இனிதாகவும் இருக்கலாம். ஆயின் எது இரைச்சல் என்பது எளிய வினாவன்று. பாட்டின் பின்னே கேட்கும் சேவற் கூவல், உலக்கை ஒலி, தொலைவில் விழுந்த எறிகணையின் அதிர்வு ஆகியனவும் வரலாற்றுச் சான்றுகளே. எனவே திருத்தங்கள் அனைத்தும் பிரதியில் நிகழவேண்டும். மூலக் கோப்பு கைபடாது இருக்கவேண்டும்.

ஒரே வன்றட்டில் மட்டும் வைத்திருப்பது பாதுகாப்பாகாது. மூன்று பிரதிகள், இரு வேறு சாதனங்களில், ஒன்றேனும் வேறோர் ஊரில் என்பதே காப்பகத் துறையினர் கொள்ளும் விதி. மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த சமூகத்துக்கு இவ்விதியின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

6. குறிப்பு, உரிமை, அச்சம்

பெயரில்லாத கோப்பு உறையில்லாத கசெற்றிலும் பார்க்கப் பயனற்றது. பாடியவர், பேசியவர், ஊர், ஆண்டு, பதிந்தவர், நாடா இருந்த வீடு, செய்த திருத்தங்கள் என்பவற்றைக் கோப்புடன் எழுதி வைத்தல் வேண்டும். ஒரு மணி நேர நாடாவை மாற்ற ஒரு மணி நேரம் செல்லும். இதனைச் சுருக்க வழியில்லை. அந்த நேரத்தில் வீட்டின் முதியவரை அருகிலிருத்திக் கேட்கச் செய்தால் குறிப்புகள் தாமே வந்து சேரும். "இது ஆர் பாடினது?" என்ற வினாவுக்கு விடை கூறவல்லோரும் நாடாவைப் போன்றே அருகி வருகின்றனர்.

உரிமை பற்றிய பிரச்சினை இதனினும் சிக்கலானது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துவோரின் உரிமையை அங்கீகரிக்கின்றது. சட்டத்துக்கு அப்பால், கூத்துக் கலைஞரின் உழைப்பு அவர் பெயரின்றி உலவவிடப்படுவது சுரண்டலே ஆகும். குடும்பப் பதிவுகளோ வேறொரு மதிப்பை வேண்டி நிற்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் கையில் ஏந்தியவை ஒளிப்படங்கள். ஒரு மகனின் குரல் ஏதோவொரு கசெற்றின் மூலையில் இருக்குமாயின், அதனை எப்போது கேட்பது, யாருக்குக் கேட்கவிடுவது என்று முடிவுசெய்யும் உரிமை அத்தாய்க்கே உரியது; ஆய்வாளருக்கன்று.

மூன்றாவது வகை நாடாக்களைப் பற்றிய அச்சமும் மெய்யானதே. 1979இல் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்தோர் பல கசெற்றுகளைத் தாமே எரித்தனர். அச்சத்தால் அழிந்தமையும் அந்நாடாக்களின் வரலாற்றின் ஒரு பகுதியே. அவற்றைப் போற்றுவதோ தூற்றுவதோ காப்பகத்தின் பணியன்று; ஒரு காலத்தில் மக்கள் எதைக் கேட்டனர் என்பதைப் பிற்காலம் அறியச் செய்வதே அதன் பணி. எனினும், வைத்திருப்பவருக்கு ஆபத்து விளையுமெனில் அவர்தம் பாதுகாப்பே முதன்மையானது.

7. முடிவுரை

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது பிரதியற்ற சுவடிகளும் நூல்களும் ஒரே இடத்தில் இருந்தமையால் ஒருங்கே அழிந்தன. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம் அந்த இழப்பிலிருந்து கற்ற பாடத்தின் ஒரு விளைவு எனலாம். இன்று அது ஒலி ஆவணங்களையும் பேணுகின்றது. ஆயினும், நிறுவனம் ஒன்று வீடுவீடாக வரும்வரை நாடா காத்திராது. அதேவேளை, ஒவ்வொரு வீடும் கருவியும் கணினியும் வாங்கவேண்டும் என்பதும் நடைமுறைக்கு ஒவ்வாது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி நம்மிடமே உண்டு. கிராமத்துச் சனசமூக நிலையமோ பாடசாலையோ நன்கு பழுதுபார்த்த ஒரு கருவியையும் ஒரு மடிக்கணினியையும் வைத்திருந்து, வீடுகள் முறைவைத்து அவற்றைப் பயன்படுத்தலாம். 60 நிமிடக் கசெற்றுகள் நூறு எனின் நூறு மணி நேர உழைப்பும் ஏறத்தாழ 100 கிகாபைற் இடமும் போதும். இளைஞர் சிலர் ஓர் ஆண்டின் ஓய்வு நாள்களில் முடிக்கத்தக்க வேலையிது. எதை வெளியிடுவது, எதை வீட்டுக்குள் வைப்பது என்பதை அந்தந்தக் குடும்பம் தீர்மானிக்கட்டும். மாற்றுவதை மட்டும் பின்போடலாகாது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இதற்கான பயிற்சியையும் குறிப்பேட்டு மாதிரியையும் வழங்க முன்வருதல் வேண்டும். வன்னியின் வரலாற்றை வன்னி மக்களின் குரலிலேயே பிற்காலத்தோர் கேட்பரா என்பது, பெரிதும் அடுத்த சில ஆண்டுகளில் நாம் செய்யும் இவ்வேலையையே பொறுத்துள்ளது.